நேதன் கப்பல் ஏறவில்லை

மகனே,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஏழு மாதமாக ஒரு சங்கதியைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறேன். அதற்கிடையில் உனக்கு மூன்று கடிதம் எழுதினேன், ஒன்றிலும் அதைச் சொல்லவில்லை. மூன்றும் டுசல்டோர்ஃபிலிருந்து உறை பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன, 'ஏற்க மறுக்கப்பட்டது' என்று ஜெர்மன் மொழியில், உன் கையெழுத்தில். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அதைக் கவனித்துச் சந்தோஷப்படுகிற அளவுக்கு நான் இன்னும் வாத்தியார்தான். அதனால் இம்முறை உன் விலாசத்துக்கு எழுதவில்லை. நம் பெடியன்கள் கையால் எழுதிப் பிரதியெடுத்து, அகதிகள் விடுதி விடுதியாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்களே, அந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். அதை நீ முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பாய். நாலு பேர் முன்னால் பேசக் கூடாததைப் பேசினேன். பேச வேண்டியதையும் நாலு பேர் முன்னாலேயே பேசிவிடுகிறேன்.

அடுத்த மாதம் நீயும் வதனியும் கலியாணப் பதிவு செய்ய வேண்டும். உன் பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி இல்லாமல் பதிவு அலுவலகம் உங்களுக்கு டெர்மீன் தராது, நாள் குறிக்காது. நான் ஊரைவிட்டு வரும்போது உன் சான்றிதழையும் என் கடதாசிகளோடு வைத்துக் கொண்டுவந்தேன். ஊரில் இன்று அரசாங்கக் கச்சேரிக்குப் போய் இன்னொரு பிரதி எடுப்பதென்பது நடக்கிற காரியமில்லை. இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அதைத் தராமல் வைத்திருந்தேன். ஒரு தகப்பன் செய்யக்கூடிய மிகச் சின்னத்தனமான காரியம் இதுவாகத்தான் இருக்கும். ஏன் செய்தேன், இப்போது ஏன் செய்யமாட்டேன் என்பதை விளக்க, அமெரிக்காவில் நூற்றைம்பது வருடம் பின்னால் போய்விட்டு வர வேண்டும். பொறுமையாக வா.

நம் குடும்பப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்துக்கு ஓர் அமெரிக்க விவசாயியின் பெயர். கோயிலில் அர்ச்சனைச் சீட்டில் அதைக் காணும் ஐயர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் மந்திரத்தைத் தொடங்குவார். உன் பெரியப்பாவிடம் அதற்கொரு கதை இருந்தது. வெர்மொண்ட் என்கிற மாநிலத்தில், ஒரு மலையடிவாரப் பண்ணையில் பிறந்தவராம் நேதன். அமெரிக்க மிஷனரிமார் வந்த கப்பலில் அவரும் வந்து இறங்கினாராம். நல்ல இடத்துப் பெண்ணொருத்தியைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போகாமலே இருந்துவிட்டாராம். அவர் எனக்குப் பூட்டன், பாட்டனின் தகப்பன். என் பாட்டன் காலத்தில் குடும்பம் மீண்டும் சைவமாகியது, பெயரை மட்டும் விடவில்லை. நம் வீட்டில் யார் நிறமாகப் பிறந்தாலும் அது நேதனால் வந்த நிறம் என்பார் பெரியப்பா. நான் கறுப்பாகப் பிறந்தது அம்மாவின் குற்றம். அப்பா செத்தபின் அவர் வீட்டை எடுத்துக்கொண்டு, எனக்கு ஒரு தாளைத் தந்தார். மிஷன் பள்ளிப் பதிவேட்டிலிருந்து யாரோ எப்போதோ பார்த்தெழுதிய பழுப்புத் தாள். அதில் நேதனின் முழுப் பெயர், அதன் கீழ் அந்த அமெரிக்க ஊரின் பெயர். பிறந்த ஊர் என்று நாங்கள் வாசித்தோம். வீட்டை இழந்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு, தாளைக் கையில் வாங்கியபோது, வென்றவன் நான்தான் என்று நினைத்தேன். அப்படி ஒரு மடையன்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு நீ புறப்பட்டாய். இரண்டு வருடம் கழித்து நானும் கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் வந்தேன். பிறகு பீலெஃபெல்டுக்கு அனுப்பினார்கள். அகதி விசாரணைக்கு மற்றவர்கள் எரிந்த கடையின் படம் கொண்டு போனார்கள், காயத்துக்கு டொக்டர் கொடுத்த துண்டு கொண்டு போனார்கள். நான் நேதனின் தாளைக் கொண்டு போனேன். அதிகாரி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார். "இது அமெரிக்கத் தூதரகம் இல்லை எண்டு சொல்லச் சொல்லுறார், ஐயா" என்றான் அந்தப் பெடியன். எனக்குக் கோபம் வந்தது. சரித்திரம் படித்துச் சரித்திரம் படிப்பித்தவனிடம், என் சரித்திரம் இங்கே செல்லாது என்றால் எப்படி இருக்கும்?

வேலை செய்ய அனுமதியில்லை. நகர எல்லையைத் தாண்ட அனுமதியில்லை. கிழமைக்கொரு சாப்பாட்டுப் பொதி. அதற்குள் என்ன இருக்கும் என்று பார்ப்பதுதான் ஹைமில், அந்த அகதி விடுதியில், எங்களுக்கு விளையாட்டு. நாலு பேர் படுக்கும் அறையில் மற்ற மூன்று பேரும் சீட்டு விளையாடினார்கள். நான் நகர நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன். முதலில் குளிருக்காகத்தான். அங்கே கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு நூலகப் பெண்மணி இருந்தா. அவவுக்கு என் தாளைக் காட்டினேன். விசாரணை அதிகாரி கவனிக்காததை அவ கவனித்தா. அந்த ஊர் இன்னும் இருக்கிறது என்று ஒரு பெரிய தேசப்படப் புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டினா. அந்த ஊர்த் தேவாலயத்துக்கு எழுதும்படி சொன்னதும் அவதான். தபாலகத்தில் மறுமொழிக்கான கூப்பன் வாங்கி உள்ளே வைக்க வேண்டும் என்றும் சொன்னா. மகனே, பள்ளிக்கூடத்தில் இருபத்து நாலு வருடம் மற்றவர்களின் அரசர்களைப் பற்றிப் படிப்பித்தேன். ஒரு ஆளைத் தேடிப் போவது இவ்வளவு ருசியான காரியம் என்று அந்தக் குளிர்காலத்தில்தான் தெரிந்தது. காலையில் எழும்பியதும் ஊர்ச் செய்தியை நினைப்பதற்கு முன், என்ன மாடு வளர்த்திருப்பார்கள், மண் கறுப்பா சிவப்பா என்று நினைத்தேன். ஊரில் செத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அமெரிக்க மண்ணின் நிறம் வேண்டியிருந்தது. இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. எழுதியவர் அந்தத் தேவாலயத்தின் பழைய ஏடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பழைய சனத்தொகைப் பதிவின் இரண்டு பக்கங்களைப் பார்த்து எழுதியிருந்தா. முதல் பதிவில் பண்ணையின் பெயர், தகப்பன், தாய் ஹன்னா, ஒரே மகன் நேதன், வயது ஏழு. பத்து வருடம் கழித்து எடுத்த பதிவில் ஹன்னா மட்டும், விதவை. நேதன் இல்லை. நூலகத்தில் இருந்தபடியே சத்தமாகச் சிரித்துவிட்டேன். இருக்கமாட்டான்தானே! பதினேழு வயது. கப்பல் ஏறியிருப்பான். எங்களிடம் வந்துகொண்டிருப்பான். ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் கேட்டிருப்பேன்: ஒருவர் ஓர் ஏட்டில் இல்லையென்றால் அதற்கு எத்தனை காரணம் இருக்கலாம்? என்னை நானே கேட்கவில்லை. கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஹைம் முழுவதும் சொல்லித் திரிந்தேன். அன்றிலிருந்துதான் பெடியன்கள் எனக்கு 'அமெரிக்கன்' என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் கிழமை முடிவில்தான் நீ வந்திருந்தாய். அதே ஹைமில் இருக்கும் தம்பிராசா, வதனியின் தகப்பன், பொதுச் சமையலறையில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, மெல்லத் தொடங்கினார். நீ வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நின்றாய். எல்லாவற்றையும் கேட்டாய். ஆனால் என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது.

"மாஸ்டர், பிள்ளையள் ரெண்டும் விரும்பியிட்டுதுகள். நாங்கள் பெரியாக்கள் இருந்து கதைச்சு முடிச்சுவிடுவம்."

"கதைக்கலாம். நீங்கள் எந்தப் பகுதி ஆக்கள்?"

அவர் ஊரைச் சொன்னார்.

"ஊரைக் கேக்கேல்லை. உங்கட பூட்டன் ஆர்?"

"பூட்டனோ?" என்று சிரித்தார். "நான் பாட்டனையே கண்டதில்லை, மாஸ்டர். அவர் எங்கயிருந்து வந்தவர் எண்டு அப்புவுக்கே தெரியாது."

"பூட்டன் ஆர் எண்டு தெரியாத வீட்டில நான் சம்பந்தம் வைக்கேலாது. எங்கட பூட்டன்ர பேர் அமெரிக்கச் சனத்தொகைப் பதிவில கிடக்குது. இந்தா, கடிதம்."

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த ஒருவன், "அமெரிக்கன் அண்ணை, அப்ப ஏன் இஞ்ச வந்து அகதி எண்டு அன்ட்ராக் போட்டனியள்? நேர அங்க போய் இறங்கியிருக்கலாமே!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தம்பிராசா சிரிக்கவில்லை. என் சட்டிக்குக் கீழே அடுப்பை அணைத்தார். "உங்கட சோறு அடிப்பிடிக்குது, மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் அவர் சொன்னது. என்னைத் திட்டியிருந்தால் அவரை மறந்திருப்பேன்.

நீ அறைக்குள் வந்தாய். "அப்பா, அவரிட்டப் போய் மன்னிப்புக் கேளுங்கோ" என்றாய். ஏலாது என்றேன். "அப்ப என்ர சேர்ட்டிஃபிக்கேட்டைத் தாங்கோ." அதுவும் ஏலாது என்றேன். நீ கழற்றிய சப்பாத்தை மீண்டும் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாய். சாப்பிடாமல் போனாய் என்பது அன்றைக்கு எனக்குப் பெரிதாகப் படவில்லை. என்னை எதிர்த்துப் பேசினாய் என்பதே பெரிதாகப் பட்டது.

அந்த ஆசிரியைக்கு நன்றி சொல்லி எழுதினேன். நேதன் எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறினான் என்று தேடித் தரமுடியுமா என்றும் கேட்டேன். ஏழு மாதத்துக்கு முன் அவவுடைய இரண்டாவது கடிதம் வந்தது. தடித்த உறை. உள்ளே மடித்த ஒரு பெரிய தாள். கல்லறைக் கல்லின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி. சாம்பல் நிறத்துக்குள் வெள்ளையாக எழுத்துக்கள். ஹன்னாவின் ஒரே மகன் நேதன், வயது ஒன்பது. பனிக்காலம் முடிகிற நேரத்தில், ஆலைக் குளத்தின் மேல் நடந்தபோது பனிக்கட்டி உடைந்து மூழ்கிப் போனவனாம்.

நேதன் கப்பல் ஏறவில்லை. அந்த ஊரைவிட்டே எங்கும் போகவில்லை.

கடிதத்தின் மிச்சத்தை வாசிக்க இரண்டு நாள் எடுத்தேன். தேவாலயத்துப் பெண்கள் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளை அந்த ஆசிரியை பக்கம் பக்கமாகப் படியெடுத்து அனுப்பியிருந்தா. மகன் போன மறுவருடம் கணவனும் போனபின், ஹன்னா சங்கத்தில் எழுந்து நின்று ஒன்று கேட்டிருக்கிறா. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளியில் ஒரு பிள்ளையைத் தன் செலவில் சாப்பாடு கொடுத்துப் படிப்பிக்க வேண்டும், அந்தப் பிள்ளைக்குத் தன் மகனின் பெயரை வைக்க வேண்டும். வெண்ணெயும் முட்டையும் விற்றுத்தான் அந்தச் செலவைப் பார்த்திருக்கிறா. மிஷனரிமார் ஒரு பிள்ளையைத் தெரிந்தெடுத்தார்கள். கொலரா வந்து ஓர் ஒழுங்கையின் வீடுகள் எல்லாமே வெறுமையான பிறகு எடுத்து வந்த ஐந்து வயதுப் பிள்ளை. அவனுடைய ஆட்கள் யாரென்று தெரியாது, சொந்தப் பெயரும் தெரியாது என்று அவர்கள் ஹன்னாவுக்கு எழுதியிருக்கிறார்கள். எப்படிக் கூப்பிட்டாலும் வருகிறான், ஆகவே புதுப் பெயரால் கஷ்டமில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள்.

அவன்தான் என் பூட்டன். தாளில் பெயருக்குக் கீழே இருந்தது அவனுக்குச் சோறு போட்டவளின் ஊர்.

இதில் எனக்கு ஆறாதது எது தெரியுமா? இந்த வழக்கம் எனக்குத் தெரியும். உபகாரம் செய்த அமெரிக்கர்களின் பெயரை மிஷன் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள் என்று பத்தாம் வகுப்புக்கு வருடா வருடம் நானே சொல்லிக் கொடுத்தேன். இங்கிலீஷ் பெயருள்ள பையன்களைப் பார்த்து, "உங்கட பேருக்கு ஆரோ சோறு போட்டிருக்கினம்" என்று பகிடி விட்டிருக்கிறேன். அவர்களில் இரண்டு பேர் முகம் சிவந்தது இன்னும் நினைவிருக்கிறது. ஊரில் இருந்த அத்தனை பெயர்களுக்கும் அந்த விளக்கத்தைப் பொருத்தினேன், என் பெயருக்கு மட்டும் கப்பல் கொண்டுவந்தேன். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றுதான். கலியாணத்துக்குப் பிறகு வதனி உன்னிடம் நூறு கேள்வி கேட்பாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழகு. நம் வீட்டு ஆண்களுக்கு அது வராது. உன் பெரியப்பாவுக்கு வரவில்லை, எனக்கு ஐம்பது வயதில் வருகிறது, அதுவும் ஒரு கல்லறைக் கல் வந்து சொன்ன பிறகு.

வெட்கத்தில் அந்த உறையை மூடியிருக்க வேண்டும். முடியவில்லை. வாசிக்க வாசிக்க, என் கோபத்தைவிட அந்த மனிசியைப் பற்றி அறியும் ஆசை பெருத்துப்போனது. ஹன்னா வருடத்துக்கொரு முறை கம்பளிக் காலுறை பின்னி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியிருக்கிறா. கம்பளி! இங்கே வெயில் அதிகம் என்று மிஷனரி பணிவாக எழுதியும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு அளவு கூட்டியிருக்கிறா. காணாத பிள்ளையின் கால் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று எதை வைத்து அளந்தாவோ தெரியாது. பையன் அவற்றைக் கையில் மாட்டிக்கொண்டு மற்றப் பிள்ளைகளைப் பயப்படுத்துகிறான் என்று ஒரு பதிலில் இருக்கிறது. அவ கேட்ட கேள்விகளும் குறிப்பில் இருக்கின்றன. பல் விழுந்துவிட்டதா? எண்கள் பிடிக்குமா? குளத்துக்குப் பக்கத்தில் போகிறானா? தண்ணீருக்குப் பயந்தால் அவனைத் திட்ட வேண்டாம் என்று மிஷனரிக்கு எழுதியிருக்கிறா.

நான் உன்னைத் திட்டியிருக்கிறேன். கீரிமலைக் கேணியில், உனக்கு ஆறு வயது. இறங்கமாட்டேன் என்று படியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார் பார்க்கிறார்கள் என்பதற்காக உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே விட்டேன். நீ மறந்திருக்கலாம். மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒருமுறையும் காணாத பிள்ளையிடம் அவவுக்கு இருந்த மரியாதை, பெற்ற பிள்ளையிடம் எனக்கு இருக்கவில்லை.

பண்ணை இப்போது காடாகிவிட்டதாம். வயலுக்கு வயல் கட்டிய கல்வேலிகள் மட்டும் மரங்களுக்குள்ளே ஓடுகின்றனவாம். அந்தப் பக்கமும் ஒன்றும் மிச்சமில்லை, எங்கள் பக்கத்து ஒழுங்கையிலும் ஒன்றும் மிச்சமில்லை. அந்தப் பிள்ளையின் தாய் அவனை என்ன சொல்லிக் கூப்பிட்டாள்? அவள் யார் வீட்டில் வேலை செய்தாள், எந்தக் கிணற்றில் அள்ள அவளை விட்டார்கள், எதில் விடவில்லை? தம்பிராசாவிடம் நான் கேட்ட அதே கேள்விதான். எனக்கும் பதில் கிடையாது. எந்த ஏட்டிலும் இராது.

ஏழு மாதம் இதை உனக்குச் சொல்லாமல் இருந்தேன். சொன்னால் சான்றிதழைத் தர வேண்டும். தந்தால் தோற்றவனாவேன். நேற்று மத்தியானம், டெர்மீன் கிடைக்கவில்லை என்று வதனி அழுததாகச் சமையலறையில் கதைத்தார்கள். நான் பெட்டியைத் திறந்து உன் சான்றிதழையும் அமெரிக்கக் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு தம்பிராசாவின் அறைக் கதவைத் தட்டினேன். உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னேன், கேணியைத் தவிர. அவர் கல்லறைப் பிரதியைக் கட்டிலில் விரித்து, நீண்ட நேரம் பார்த்தார்.

"பாவம், குஞ்சு" என்றார். பிறகு, "இதைச் சொல்லவோ மாஸ்டர் ஏழு மாசம்?" என்றார்.

"நான் அண்டைக்குக் கேட்டது பிழை, அண்ணை." அவர் என்னைவிட நாலு வயது இளையவர். வாயில் அப்படித்தான் வந்தது.

"பிழைதான். அடுப்பை அணைச்சுப்போட்டு வந்து, அண்டு முழுக்க நான் ஒண்டும் தின்னேல்லை." கல்லறைப் பிரதியை மடிப்பு மாறாமல் மடித்தார். "எனக்கு என்ர பூட்டனைத் தெரியாது. இப்ப உங்களுக்கும் உங்கட ஆளைத் தெரியாது. அப்ப என்ன, பொருத்தம் பாத்தாச்சு."

நான் சிரிக்கவில்லை. அவரும் என்னைச் சிரிக்கச் சொல்லவில்லை. மன்னித்தாரா என்று தெரியாது. சான்றிதழை வாங்கி மகளிடம் கொடுத்தார். வதனி அதை வைத்துவிட்டுக் கடிதத்தின் பக்கங்களைத்தான் புரட்டினாள்.

"மாமா, அவ அவனைக் கடைசிவரை காணவே இல்லையோ?"

"இல்லைப் பிள்ளை."

"அவன் பெரிசாகி அவவுக்குக் கடிதம் ஏதும் எழுதினவனோ?"

"தெரியாது" என்றேன். அந்தச் சொல் அவ்வளவு கடினமாக இருக்கவில்லை.

"எழுதிக் கேளுங்கோவன். கூப்பன் நான் வாங்கித் தாறன்."

இந்தப் பிள்ளையைத்தான் வேண்டாம் என்றேன். உனக்கு நானே சொல்லவேண்டும், அதுவரை உன்னிடம் ஒன்றும் சொல்லவேண்டாம் என்று இருவரிடமும் கேட்டுக்கொண்டேன். சான்றிதழ் கிடைத்துவிட்டது என்பதை மட்டும் உனக்குத் தொலைபேசியில் சொல்லியிருப்பாள். அதை நான் தந்த காரணம் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. கலியாணத்துக்கு என்னைக் கூப்பிடு என்று கேட்கவில்லை. டுசல்டோர்ஃபுக்கு வருவதென்றால் எனக்கு அலுவலகத்தில் அனுமதித் துண்டு எடுக்க வேண்டும், அதற்கு அழைப்பு ஒன்று காட்ட வேண்டும். தகவலுக்காகச் சொல்கிறேன்.

பத்திரிகைப் பெடியன்கள் என் பெயரைக் கேட்பார்கள். பயமென்றால் புனைபெயராவது போடுங்கோ ஐயா என்பார்கள். எனக்கு யாரிடமும் பயமில்லை. இத்தனை வருடம் இந்தப் பெயரைத் தடியாகப் பிடித்துக்கொண்டு திரிந்து, அகப்பட்டவர்களை எல்லாம் அதால் அடித்திருக்கிறேன். குளத்தில் போன ஓர் ஒன்பது வயதுப் பிள்ளையின் பெயர் அது. அவனுடைய தாய், பெயரில்லாத வேறொரு பிள்ளைக்கு அதை மனமறிந்து கொடுத்தா. நீயும் வதனியும் அதைப் பதிவில் எழுதுங்கள், பிள்ளைகள் பிறந்தால் அவர்களுக்கும் வையுங்கள், யாரும் கேட்டால் எப்படி வந்தது என்று உள்ளபடி சொல்லுங்கள். என் கையால் அதை இந்தக் கடிதத்தின் கீழே எழுத இன்றைக்கு எனக்கு முகமில்லை. உறையில் பத்திரிகையின் விலாசத்தை எழுதி, முத்திரையும் ஒட்டிவிட்டேன். கையெழுத்து வைக்காமலே தபாலில் போடுகிறேன்.